குருதியமுக்கமும் குடும்ப முதுசமும்

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், இலக்கியத்திலிருந்தேனும் சமயத்திலிருந்தேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வதே வழமை. மலர்க்குழுவினர் என்னிடம் எதிர்பார்த்ததும் அதுவே. ஆயினும் இம்முறை யான் குருதியமுக்கத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். யான் வைத்தியம் கற்றவனல்லன். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தமிழ் படிப்பிப்பவன். நம் பழைய மாணவருள் வைத்தியர் பலர் உளர். அவர்கள், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கக்கூடும். அதற்கு விடையாக என் வீட்டுக் கதையை முதலிற் சொல்லுகின்றேன்.

எங்கள் தந்தையார் தமது ஐம்பத்தெட்டாம் வயதில் ஒருநாட் காலை கிணற்றடியிலே விழுந்தார். வலக்கையும் வலக்காலும் வழங்காமற் போயின; பேச்சும் நின்றது. மூன்றாம் நாள் இறந்தார். பாரிசவாதம் என்றார்கள். அவருக்குக் குருதியமுக்கம் உயர்ந்திருந்ததோ என்பதை எவரும் அறியார். வாழ்நாளில் ஒருநாளேனும் அளந்து பார்த்ததில்லை. அஃது அறியாமையால் நேர்ந்தது. ஆகவே எவரையும் நோவதற்கில்லை.

இரண்டாம் நிகழ்ச்சி அத்தகையதன்று. என்னிலும் ஆறு வயது மூத்தவராகிய தமையனார் மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே நோயினால் வீழ்ந்தார். இறைவன் திருவருளால் உயிர் தப்பினார்; இன்று கோலூன்றி நடக்கின்றார். அவரை வைத்தியசாலையிற் சேர்த்த அன்று இளம் வைத்தியர் ஒருவர் என்னை நோக்கி, "உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர்? நீங்கள் எல்லோரும் பிறசர் அளந்து பார்த்தீர்களா?" என்று வினவினார். யான் விழித்தேன். அண்ணருக்கு அந்நோய் உண்டென்பதே எனக்கு அப்பொழுதுதான் தெரியவந்தது. எட்டு ஆண்டுகளாக அவர் குளிசை எடுத்து வந்திருக்கின்றார். அலுமாரியில் வேட்டிகளுக்குப் பின்னால் அதனை ஒளித்து வைத்திருக்கின்றார். வீட்டில் விருந்தினர் நிற்கும் நாட்களில் எடுக்காமலே விட்டிருக்கின்றார். பேச்சுத் திரும்பிய பின் ஒருநாள் அவரிடம் கேட்டேன்:

"அண்ணை, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுற நேரமடா தம்பி. வருத்தக்காரக் குடும்பம் எண்டு ஊர் சொல்லப்படாது எண்டு இருந்திட்டன்."

அவ்வைத்தியர் அன்றைக்கே எனக்கும் அளந்து பார்த்தார். 158இன் கீழ் 96 என்று கருவி காட்டியது. எனக்கு அப்பொழுது நாற்பத்திரண்டு வயது. தலையிடி இல்லை, மயக்கம் இல்லை, யாதொரு குறியும் இல்லை. எங்கள் தங்கைக்கு அளந்தபோது சீராக இருந்தது. ஒரே வயிற்றிற் பிறந்த மூவருள் இருவருக்கு நோய், ஒருத்திக்கு இல்லை. இஃது ஏன் என்று அறியும் விருப்பத்தால், வைத்தியம் படித்த பழைய மாணவர் சிலரை வினவியும் அவர்கள் தந்த நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

யான் சொல்ல விழைவது ஒன்றே. உயர் குருதியமுக்கம் உடைய ஒருவர் அதனைத் தம் உடன்பிறந்தார்க்கும் மக்கட்கும் மறைத்தல் தகாது. அவ்வுறவினரும் ஒருமுறை அளந்ததோடு அமையாது, தம் அமுக்கத்தின் ஓய்வுநிலையையும் அது மாறும் இயல்பையும் ஆண்டுதோறும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

குருதியமுக்கம் என்பது, இதயம் தள்ளிவிடும் குருதி நாடிகளின் சுவரை அமுக்கும் விசையாகும். இங்கிலாந்திலே ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு பெட்டைக் குதிரையின் நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயொன்றைப் பொருத்திப் பார்த்தார். குருதி எட்டடி மூன்று அங்குல உயரத்துக்கு எழுந்தது. எழுந்து ஓரிடத்தில் நில்லாது ஏறியும் இறங்கியும் ஆடியது. இதனை அவர் 1733ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று நாம் காணும் கைப்பட்டியை இத்தாலியரான றீவா-றொச்சி 1896இல் அமைத்தார். நாடியின் ஒலியைக் கேட்டு மேலெண்ணையும் கீழெண்ணையும் குறிக்கும் முறையை உருசியரான கொறொற்கோவ் 1905இல் வகுத்தார். கருவி எளிதாயிற்று, ஆனால் குதிரையின் குழாயிற் கண்ட ஆட்டம் மனிதரிடத்தும் ஓய்ந்ததில்லை. உறங்கும்போது அமுக்கம் பத்து முதல் இருபது வீதம் வரை தாழும். மாடிப்படி ஏறினால் உயரும். வகுப்பிலே மாணவனை அதட்டினாலும் உயரும். எனவே ஒரு மனிதனுக்கு ஓர் அமுக்கம் என்பதில்லை. அமைதியாக அமர்ந்திருக்கும்போது உள்ளது ஓய்வுநிலை அமுக்கம். செயலாலும் உணர்ச்சியாலும் குளிராலும் நோவாலும் ஏறி இறங்குவது மாறுநிலை அமுக்கம். நோயாளரின் உறவினரை ஆராய்ந்தவர்கள் இவ்விரண்டையும் நோக்கினார்கள்.

முதலில் ஓய்வுநிலையைப் பார்ப்போம். அமெரிக்காவிலே அய்மன் என்னும் வைத்தியர் 277 குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டோரை அளந்து 1934இல் ஒரு கணக்கை வெளியிட்டார். பெற்றோர் இருவருக்கும் அமுக்கம் சீராக இருந்த குடும்பங்களில், பிள்ளைகளுள் நூற்றுக்கு மூவர் அளவினரிடமே உயர்வு காணப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஏறத்தாழ இருபத்தெண்மர். இருவருக்கும் இருந்தால் ஏறத்தாழ நாற்பத்தைவர். குடும்ப வழி உண்டென்பது இதனாற் புலனாயிற்று. அவ்வழி எத்தகையது என்பதிலேதான் பிணக்கு எழுந்தது.

அப்பிணக்கு இங்கிலாந்திலே இரு பேராசிரியரிடையே நிகழ்ந்தது. மான்செஸ்ரர் நகரத்து றொபேட் பிளாற், இது தனியொரு பரம்பரை அலகினால் வரும் நோய் என்றும், மக்கள் நோயுடையார் நோயில்லார் என இரு கூட்டமாகப் பிரிவர் என்றும் 1947 முதல் வாதித்தார். இலண்டனிலே ஜோர்ஜ் பிக்கறிங்கும் அவருடன் உழைத்தோரும் நோயாளரின் உறவினரை அளந்து 1954இல் எதிர்க்கட்சியை நிலைநாட்டினர். உறவினரின் ஓய்வுநிலை அமுக்கம் எல்லா வயதிலும் மற்றையோரினும் சற்று உயர்ந்தே நின்றது. ஆனால் இரு கூட்டமாகப் பிரியவில்லை. சீரான சரிவாகத் தொடர்ந்து சென்றது. உயரம் எவ்வாறு பல சிறு காரணங்களாற் பெற்றோரிடமிருந்து வருகின்றதோ, அமுக்கமும் அவ்வாறே என்றார் பிக்கறிங். நோய்க்கும் நலத்துக்கும் இடையே உள்ளது அளவு வேற்றுமையே அன்றி வகை வேற்றுமை அன்று என்பது அவர் துணிபு. இன்று பரம்பரை அலகுகளை ஆராய்வோர் அமுக்கத்தோடு தொடர்புடைய இடங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன என்று கண்டுள்ளனர். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. பிக்கறிங்கின் கட்சியே வென்றது என்க. எங்கள் மூவருள் தங்கை தப்பியதன் காரணமும் ஒருவாறு விளங்குகின்றது. பல விதைகள் கலந்த கடகத்திலிருந்து மூவர் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினால் மூன்று பிடியும் ஒத்திருக்க வேண்டிய நியதி இல்லையன்றோ?

இனி மாறுநிலை அமுக்கத்துக்கு வருவோம். 1932இல் அமெரிக்காவிலே ஹைன்ஸ், பிறவுண் என்னும் இருவர் எளிய சோதனையொன்றை வகுத்தனர். ஒருவரை ஆறியிருக்கச் செய்து அமுக்கத்தை அளப்பர். பின் அவர் கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி மறுபடியும் அளப்பர். சிலருக்குச் சிறிதே ஏறும். சிலருக்குப் பாய்ந்து ஏறும். பனிநீரின் இடத்தில் மனக்கணக்கைக் கொடுத்தும் பார்த்திருக்கின்றார்கள். 1979இல் போக்னர் என்னும் வைத்திய அம்மையாரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, அமுக்கம் சீராயிருந்த இளம் பருவத்தினருள்ளும், பெற்றோருக்கு நோய் உள்ளவர்களுக்கு மனக்கணக்குச் செய்யும்போது அமுக்கம் கூடுதலாக ஏறியது. ஏறியது விரைவில் இறங்கவும் இல்லை. 1983இல் வெளிவந்த வேறோர் ஆய்விலே, போட்டி நிறைந்த வேலைகளை இளைஞர்க்குக் கொடுத்தபோது, நோய் வரும் வாய்ப்பு மிகுந்தோரின் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாது தேக்கி வைத்தது. நோய் வெளிப்படுதற்குப் பல்லாண்டு முன்னரே உடல் குறிப்புக் காட்டுகின்றது என்பதே இவற்றின் பொருள்.

இவ்விரண்டு நிலைகளையும் ஒருங்கே வைத்து நெடுங்காலம் நோக்கிய ஆய்வொன்று பழைய மாணவராகிய நமக்கு மிகவும் உரியது. பால்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியிலே கரோலின் பெடல் தோமஸ் என்னும் அம்மையார், 1948 முதல் 1964 வரை பட்டம் பெற்று வெளியேறிய மாணவர்களை ஆராய்ந்தார். அவர்களுடைய ஓய்வுநிலை அமுக்கத்தை அளந்தார். பனிநீர்ச் சோதனை செய்தார். பெற்றோரின் உடல்நிலையைக் கேட்டுப் பதிந்தார். கல்லூரியை விட்டு அவர்கள் சென்ற பின்னும் ஆண்டுதோறும் கடிதம் அனுப்பி நலம் விசாரிக்கப்பட்டது. பழைய மாணவர்களின் முகவரிப் புத்தகத்தை நாம் நன்கொடை கேட்பதற்கு எடுக்கின்றோம். அங்கே அதைக் கொண்டு ஓர் அறிவுச் செல்வத்தை ஈட்டினார்கள்.

அவ்வறிவு யாது? மாணவப் பருவத்திற் பனிநீர்ச் சோதனை செய்யப்பட்ட 910 பேரை இருபது முதல் முப்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1989இல் வெளியிட்ட முடிவின்படி, அன்று கூடுதலாக ஏறியவர்களுக்கே பிற்காலத்தில் உயர் குருதியமுக்கம் கூடுதலாக வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு முன் வந்தவர்களிடத்தில் இத்தொடர்பு மிகவும் தெளிவாயிருந்தது. 2008இல் வெளியிட்ட முடிவு பெற்றோரைப் பற்றியது. தாய்க்கு மட்டும் நோய் இருந்தால் மகனுக்கு அது வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு. தந்தைக்கு மட்டும் இருந்தால் 1.8 மடங்கு, இருவருக்கும் இருந்தால் 2.4 மடங்கு. பெற்றோர் இருவருக்கும் ஐம்பத்தைந்து வயதுக்குள்ளேயே வந்திருந்தால் ஆறு மடங்குக்கு மேல். முப்பத்தைந்து வயதளவில் பார்த்தாலோ இருபது மடங்கு! இவர்கள் எல்லோரும் அமெரிக்க ஆடவர். ஆகையால் இவ்வெண்களை அப்படியே நம்மூருக்கு எடுத்துக்கொள்ளல் ஆகாது. எனினும் இதிலிருந்து பெறும் பாடம் ஊர் கடந்தது. பெற்றோருக்கு நோய் உண்டோ என்பது மட்டுமன்றி, எந்த வயதில் வந்தது என்பதும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியாகும். அண்ணர் தமது நாற்பதாம் வயதில் அறிந்த செய்தியை எங்களுக்குச் சொல்லியிருந்தால், எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் கைகளில் அந்தப் பட்டி சுற்றப்பட்டிருக்கும்.

இவ்விடத்தில் மூன்று தடைகளை எழுப்புவோர் உளர்.

"வைத்தியரைக் கண்ட பதற்றத்தில் ஏறியது, வீட்டுக்குப் போனால் இறங்கிவிடும்" என்பது முதலாவது தடை. யானும் அன்று இதையே சொன்னேன். இது முற்றிலும் பொய்யன்று. இத்தாலியிலே மன்சியா என்பவரும் பிறரும் 1983இல் வெளியிட்ட ஆய்விலே, நாடிக்குள்ளேயே கருவியை வைத்துப் பார்த்தபோது, வைத்தியர் கட்டிலருகே வந்த சில நிமிடங்களுள் மேலெண் சராசரி 27 மில்லிமீற்றர் அளவு ஏறிப் பின் தணிந்தது. ஆகவே ஒரே அளவையைக் கொண்டு ஒருவரை நோயாளர் ஆக்குவதும் தவறு. அதே அளவையைப் பதற்றமென்று தள்ளிவிடுவதும் தவறு. ஏழு நாள் காலையும் மாலையும் வீட்டில் அளந்து எழுதிக் கொண்டுவரும்படி வைத்தியர் எனக்குப் பணித்தார். என் சராசரி 142இன் கீழ் 91. வைத்தியசாலையில் 140இன் கீழ் 90 எல்லை என்றால், வீட்டில் 135இன் கீழ் 85 எல்லை. பதற்றம் கழிந்த பின்னும் நோய் எஞ்சியிருந்தது. அன்றியும் அளவை நாளுக்கு நாள் தடுமாறுவதும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஒவ்வொரு முறை வைத்தியரிடம் செல்லும்போதும் மேலெண் பெரிதும் வேறுபடுவோருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மிகுதி என்று ஒக்ஸ்போட் பேராசிரியர் றொத்வெல் 2010இற் காட்டினார்.

"பரம்பரையில் வந்ததை யார் மாற்றுவார்? விதி" என்பது இரண்டாவது தடை. இதற்கு நமது தேசவழமையைக் கொண்டே விடை கூறலாம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அவ்வழமை, முன்னோர் வழியாக வருவதை முதுசம் என்றும், தம்பதியர் கூடிவாழுங் காலத்தில் ஈட்டுவதைத் தேடிய தேட்டம் என்றும் வேறு பிரித்தது. குருதியமுக்கத்திலும் இவ்விரண்டும் உண்டு. மக்களிடையே காணும் வேற்றுமையில் முப்பது முதல் ஐம்பது வீதம் வரை பரம்பரையால் வருவதென்று கணக்கிடுகின்றனர். எஞ்சியதெல்லாம் தேடிய தேட்டமே: கருவாட்டிலும் ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் வரும் உப்பு, வயிற்றைச் சுற்றிய பருமன், நடக்க மறந்த கால், மது, புகை. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது; அஃது ஒரு தேக்கரண்டி அளவே. அமெரிக்காவிலே ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து நோக்கி 2012இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. உடற்பயிற்சியால் உரம் மிகுந்து, பெற்றோருக்கும் நோய் இல்லாதவரை அளவுகோலாகக் கொண்டால், பெற்றோருக்கு நோயிருந்து உடலுரமும் குன்றியவருக்கு அந்நோய் வரும் வாய்ப்பு 70 வீதம் கூடுதல். பெற்றோருக்கு நோயிருந்தும் உடலுரம் மிகுந்தவருக்கு 16 வீதமே கூடுதல். முதுசத்தை நாம் தெரிவு செய்வதில்லை. அதன்மேல் எதைச் சேர்ப்பது என்பதை நாமே தெரிவு செய்கின்றோம்.

மூன்றாவது தடை அண்ணருடையது: "ஊர் என்ன சொல்லும்?" உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரையானவருள் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு; அவருள் 46 வீதத்தினர் தமக்கு அது உள்ளதென்பதையே அறியார். இந்நோயுள்ள குடும்பத்திற் பெண் கொள்ளோம் கொடோம் என்று தொடங்கினால் நம்மூரில் எத்தனை வீட்டு வாசலில் வாழை கட்ட இயலும்? எல்லா வீட்டிலும் இருப்பதை ஒவ்வொரு வீடும் தன் வீட்டில் மட்டும் இருப்பதாக எண்ணி மறைக்கின்றது. அண்ணரின் மூத்த மகளுக்குச் சென்ற ஆண்டு திருமணம் நிறைவேறியது. முதற்பேச்சின்போது அண்ணர் கோலை ஒளிக்க வழி தேடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் தகப்பனார் தாமே, "எனக்கும் பத்து வருடமாகக் குளிசைதான், பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார். எதற்கு அஞ்சி அண்ணர் எட்டு ஆண்டுகள் வாய் மூடியிருந்தாரோ, அஃது அரை நிமிடத்திற் பேசி முடிந்தது.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு இவ்விழாவை முன்னிட்டு ஒரு விண்ணப்பம். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறும் நாளில் கல்லூரி மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு மேசைகளையும் இரண்டு கருவிகளையும் வையுங்கள். நம் வைத்தியர்களும் தாதியரும் உதவ மறுக்கமாட்டார்கள். நோயுள்ள ஒவ்வோர் அங்கத்தவரும் தம்மோடு ஓர் உடன்பிறந்தாரையேனும் மகன் மகளையேனும் அழைத்து வருதல் வேண்டும். வந்தவர் ஐந்து நிமிடம் பேசாது அமர்ந்திருக்கட்டும். முதுகு சாய்ந்து, பாதம் நிலத்திற் பொருந்தி, காலின்மேற் கால் போடாது, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். அரை மணி நேரத்துக்குள் கோப்பியோ புகையோ கூடாது. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இருமுறை அளத்தல் வேண்டும். எண்ணைச் சிறு அட்டையில் எழுதி அவரிடமே கொடுத்துவிடலாம். சங்கம் அதனை வைத்திருக்க வேண்டியதில்லை. அட்டையின் மறுபுறத்தில் பெற்றோர், உடன்பிறந்தார், பேரன் பேத்தியர் ஆகியோருள் யாருக்கு எந்த வயதில் நோய் காணப்பட்டது என்பதை அவரவர் வீட்டில் நிரப்பிக்கொள்ளட்டும். எண் உயர்ந்திருந்தால், அன்றே மருந்தைத் தொடங்குவதன்று வேண்டுவது. வீட்டில் அளந்து, எழுதி, வைத்தியரிடம் கொண்டுபோதலே வேண்டுவது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இந்நோய் கிழவருடையது என்று எண்ணாதீர். பிள்ளைகளுக்கு மூன்று வயது முதலே ஆண்டுக்கொரு முறை அளந்து பார்த்தல் நன்றென்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2017இல் விதித்துள்ளது. இன்று மாலை வீட்டுக்குச் சென்று உங்கள் தந்தையாரிடம், "அப்பா, உங்களுக்குப் பிறசர் இருக்கிறதா? எந்த வயதில் வந்தது?" என்று கேளுங்கள். என் மகன் என்னிடம் கேட்டான். யான் மறைக்கவில்லை. அவனுடைய அளவு இப்பொழுது 116இன் கீழ் 72; நாங்கள் இருவரும் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கின்றோம்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அண்ணரிடம் வாசித்துக் காட்டினேன். தம்மைப் பற்றிய பகுதியை நீக்கச் சொல்வார் என்று அஞ்சினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நானும் அந்தக் கல்லூரிதானே, பொதுக்கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். அவர் தம் இளைய மகனோடு வருவார். நீங்களும் வாருங்கள், தனித்து வாராதீர்கள்.